மூளை அதிர்வு பற்றி ஆய்வுக் கட்டுரையா? மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

‘விளையாட்டில் தலைக்காயம்: ஒரு பார்வை’ என்று தலைப்பிட்டு, ‘மனித உடலின் தலையாய உறுப்பு மூளை’ என்ற வரியோடு தொடங்கும் கல்லூரிக் கட்டுரைகள் ஆண்டுதோறும் என் மேஜைக்கு வருகின்றன. உடற்கல்வி, இயன்முறை மருத்துவம், உளவியல், இதழியல் என எந்தத் துறை மாணவர் எழுதினாலும் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் ஓர் எண் வந்து நின்றுவிடும்: 99 சதவீதம். அமெரிக்கக் கால்பந்து (நம் கால்பந்து அல்ல, ஹெல்மெட் அணிந்து மோதி ஆடும் வேறோர் ஆட்டம்) வீரர்களில் 99 சதவீதம் பேருக்கு மூளைச் சிதைவு நோய் என்பார்கள். எண்ணில் பொய்யில்லை. ஆனால் அது யாரை எண்ணிக் கிடைத்தது என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வைப் பற்றி எழுதும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை. மொழிப் பிழை, வடிவப் பிழை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

யாருடைய மூளை?

2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆடி இறந்துபோன 202 பேரின் மூளைகளைப் பரிசோதித்ததில், சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு 177 பேருக்கு இருந்தது. அவர்களில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடியவர்களை மட்டும் எடுத்தால், 111 பேரில் 110 பேர். அந்தப் புகழ்பெற்ற 99 சதவீதம் இதுதான்.

இந்த மூளைகள் ஆய்வகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன? குடும்பத்தார் தானமாகக் கொடுத்தார்கள். கணவர் மறதியில் தடுமாறியதையும், காரணமில்லாமல் சீறியதையும், மனச்சோர்வில் முடங்கியதையும் பக்கத்திலிருந்து பார்த்த மனைவி தானம் கொடுக்க முன்வருவார். எண்பது வயதிலும் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவரின் குடும்பத்துக்கு அந்த எண்ணம் தோன்றுவது அரிது. மருத்துவமனை வாசலில் நின்று தலையெண்ணிவிட்டு, ஊரில் இத்தனை சதவீதம் பேருக்குக் காய்ச்சல் என்று அறிவிக்க முடியாதல்லவா? ஆய்வாளர்கள் இந்தக் குறையைத் தங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் மாணவர் படித்தது செய்தித் தலைப்பை. மிஞ்சிப்போனால் ஆய்வுச் சுருக்கத்தை. அந்தப் பத்தி அவர் கண்ணில் படவே இல்லை.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘இந்த ஆய்வு நம்பத்தகாதது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் தவறு. அதே ஆய்வில், பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேருக்கும், கல்லூரிவரை ஆடியவர்கள் 53 பேரில் 48 பேருக்கும் நோய் இருந்தது. எல்லா மூளைகளும் தானமாக வந்தவையே என்பதால், ஆட்டத்தின் படி உயர உயர நோயும் கூடுகிறது என்ற இந்த ஒப்பீட்டுக்குத் தனி எண்ணைவிடக் கனம் அதிகம். சிறு எண்ணிக்கை என்ற எச்சரிக்கையோடு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேறு விதமாக எண்ணிய ஆய்வு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளை, அவர்களை ஒத்த பொதுமக்கள் 23,028 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். இங்கே யாரும் தானாக முன்வந்து சேரவில்லை. ஆவணத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கணக்கில் வந்தார்கள். நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. மாணவர்கள் ‘மூன்றரை மடங்கு’ என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த மடங்குக்குப் பின்னால் இருப்பவை இவை: வீரர்களில் 1.7 சதவீதம், பொதுமக்களில் 0.5 சதவீதம். மடங்கை எழுதினால் சதவீதங்களையும் சேர்த்து எழுதுங்கள். அதே வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது பொதுமக்களைவிடக் குறைவாக இருந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: யார் எத்தனை முறை பந்தைத் தலையால் முட்டினார், எத்தனை முறை அடிபட்டார் என்பது அந்த ஆய்வில் அளக்கப்படவில்லை. ‘தலையால் முட்டுவதே காரணம் என்று கிளாஸ்கோ ஆய்வு நிரூபித்தது’ என்று எழுதினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்றல்ல, இரண்டு

இதுவரை சொன்ன இரண்டு ஆய்வுகளும் மூளை அதிர்வைப் பற்றியவையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மூளை அதிர்வு என்பது அடிபட்ட அந்த வேளையில் நேரும் காயம். பெரும்பாலோருக்கு நாள்களில் அல்லது வாரங்களில் சரியாகிவிடும். சி.டி.இ. ஆண்டுக்கணக்கில் வளரும் நோய். இறந்தபின் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் இன்றுவரை அதை உறுதிசெய்கிறார்கள். அறிகுறியே காட்டாத சிறு சிறு மோதல்கள் ஆயிரக்கணக்கில் சேர்வதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து எழுதப்பட்ட கட்டுரையைப் பாதியில் மூடிவைக்கத் தோன்றுகிறது.

வரலாற்றிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு, 2005இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரிடம் சி.டி.இ. பதிவானது அப்போதுதான். நோயே அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதக்கூடாது. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் குழறலையும் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே மருத்துவ இதழில் விவரித்துவிட்டார்.

இரண்டு சின்னத் தவறுகளை இங்கேயே முடித்துவிடலாம். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று எழுதாதீர்கள். விளையாட்டில் நேரும் மூளை அதிர்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் நினைவு தப்புகிறது. சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தால் மூளை அதிர்வு இல்லை என்றும் எழுதாதீர்கள். அந்த ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது.

எண்ணிக்கையும் விகிதமும்

‘எந்த விளையாட்டு மிக ஆபத்தானது?’ என்ற தலைப்பு மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் 2009 முதல் 2014 வரையிலான ஐந்து கல்வியாண்டுகளை அலசிய ஓர் ஆய்வில் மூளை அதிர்வு எண்ணிக்கையில் முதலிடம் அமெரிக்கக் கால்பந்துக்கு. ஆனால் ஒரு வீரர் ஒரு முறை பயிற்சிக்கோ போட்டிக்கோ இறங்குவதை ஓர் அலகாகக் கொண்டு, பத்தாயிரம் அலகுக்கு எத்தனை என்று பார்த்தால் மல்யுத்தம் 10.92 என்று முதலில் நிற்கிறது. ஆண்கள் ஐஸ் ஹாக்கி 7.91, பெண்கள் ஐஸ் ஹாக்கி 7.50, அமெரிக்கக் கால்பந்து 6.71 என்று நான்காவதாகத்தான் வருகிறது. ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியில் நூறு பேர்வரை இருப்பார்கள்; எண்ணிக்கை பெருகுவதில் வியப்பில்லை. இரண்டு வரிசையில் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் ‘முதலிடம்’ என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது.

இந்த எண்களில் வராதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி பகுதியில் பள்ளி அளவில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய 1,532 பேரிடம் எடுத்து 2004இல் வெளியான ஆய்வில், அந்தப் பருவத்தில் மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் 47.3 சதவீதம் பேர்தான் அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாததற்கு அதிகம் பேர் கூறிய காரணம், அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை என்பது. ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற தயக்கம் அதற்கு அடுத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த தவறைப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் லிஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே இளம் வீரரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் மீண்டும் இறக்கக்கூடாது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்துவிட்டன. அதன்பின் பதிவான எண்ணிக்கை முதலில் ஏறியது. ‘சட்டம் தோற்றது’ என்று ஒரு மாணவர் முடிவு எழுதுகிறார். அதுவரை மறைத்தவர்கள் சொல்ல ஆரம்பித்ததும் எண் ஏறத்தானே செய்யும்?

யார் எழுதியது, எப்போது எழுதியது

மருத்துவ இதழில் வந்துவிட்டால் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துறை நல்ல பாடம். என்.எஃப்.எல். 1994இல் மூளை அதிர்வுக்கென்று ஒரு குழுவை அமைத்தது. தலைவராக வந்தவர் மூட்டுநோய் மருத்துவர். 2003 முதல் அந்தக் குழு வெளியிட்ட தொடர் கட்டுரைகள் ஆபத்தைக் குறைத்துக் காட்டின. அவற்றுக்கு அடிப்படையான தரவில், நோயறிந்து பதிவான நூற்றுக்கும் மேற்பட்ட மூளை அதிர்வுகள் விடுபட்டிருந்ததை 2016இல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. தேடினால் இன்றும் அந்தக் கட்டுரைகள் கிடைக்கும். பணம் யாருடையது என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

ஆண்டையும் பாருங்கள். விளையாட்டில் மூளை அதிர்வு பற்றிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச மாநாட்டின் 2008 சூரிக் அறிக்கையைப் படித்தவர் ‘அறிகுறி தீரும்வரை உடலுக்கும் மனத்துக்கும் முழு ஓய்வு’ என்று எழுதுவார். 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் முடிவு 2023இல் வெளியானது: அறிகுறி முற்றும் தீரும்வரை அறைக்குள் அடைந்து கிடப்பதில் பயனில்லை, ஓரிரு நாள் அன்றாட வேலைகளோடு நிறுத்திக்கொண்டு, பிறகு நடை போன்ற இலகுவான உடற்பயிற்சியைத் தொடங்கலாம். பழைய அறிக்கையை மேற்கோள் காட்டலாம், பழையது என்று சொல்லிவிட்டு.

எழுதும் மேஜையில்

பொருளைச் சுருக்காமல் தொடங்குவதுதான் மாணவர்களை அதிகம் சோர்வடைய வைக்கிறது. ‘உடல் மோதும் விளையாட்டுகளில் மூளை அதிர்வு’ என்பது நூலகத்தின் ஓர் அலமாரி; இருபது பக்கத்தில் அடங்காது. நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் ஐவி லீக் கல்லூரிகள் 2016இல், அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தைத் தொடங்கும் உதையை 35ஆம் கெஜக் கோட்டிலிருந்து 40க்கு நகர்த்தின. பந்து இன்னும் தள்ளிப்போய் விழும். அதை எடுத்துக்கொண்டு எதிரே ஓடிவந்து மோதுவது குறையும். ஆயிரம் உதைக்கு 10.93 என்றிருந்த மூளை அதிர்வு 2.04 ஆனது. ஒரு விதி, ஒரு முன், ஒரு பின். இந்த அளவுக்குக் கேள்வி சிறுத்தால் கட்டுரை தானாக நிமிர்ந்து நிற்கும்.

குறிப்பெடுப்பதில் ஒரே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். ஆசிரியரின் வாக்கியத்தை நகலெடுத்தால் அந்த நொடியே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிட வேண்டும். ‘பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம்’ என்று ஒட்டிவைத்தவை மூன்று வாரம் கழித்துச் சொந்த வரிகளாகத் தோன்றும். இந்தத் துறையின் உச்சியிலேயே இது நடந்திருக்கிறது. மேலே சொன்ன மாநாட்டு அறிக்கைகள் நான்கிற்கு முதன்மை ஆசிரியராக இருந்த பால் மெக்ரோரி, வேறொருவர் எழுதியதைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டது வெளியானபின் 2022இல் அந்த அறிக்கைகளை எழுதும் குழுவின் தலைமையிலிருந்து விலகினார். தான் முன்பு ஆசிரியராக இருந்த இதழே அவருடைய கட்டுரைகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துக்கொள்வதும் இனி வேலையில் ஒரு பகுதி. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் மேற்கோள் கேட்பவர்களுக்கு அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு: அந்தக் கட்டுரை உலகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாத கட்டுரைக்கு இதழ் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அது கூசாமல் கொடுத்துவிடும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். அந்த ‘தலையாய உறுப்பு’ வரி தானாகவே விழுந்துவிடும்.

கபடி வீரர்களிடம் கேட்கப் போகும்போது

நம் மாணவர்களில் பலர் அமெரிக்க எண்களை அப்படியே கபடிக்குப் பொருத்திவிடுகிறார்கள். ஹெல்மெட் அணிந்து முழு வேகத்தில் ஓடிவந்து மோதும் ஆட்டமும், மூச்சைப் பிடித்து வருபவரைக் காலைப் பற்றி மண்ணிலோ விரிப்பிலோ சாய்க்கும் ஆட்டமும் வேறு வேறு. தலை தரையில் இடிப்பதும் சக வீரரின் முழங்காலில் மோதுவதும் இங்கே நடப்பவை. கபடிக்குத் தரவு வேண்டுமென்றால் கபடி மைதானத்தில்தான் எடுக்க வேண்டும்.

எடுக்கப் போகிறவர்கள் வினாத்தாளில் ‘உங்களுக்கு மூளை அதிர்வு ஏற்பட்டதுண்டா?’ என்று கேட்டால் பத்துப் பேரும் ‘இல்லை’ என்பார்கள். நோயின் பெயரைக் கேட்பதைவிட அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் ‘ஆம்’ என்போர் கூடுவதை வெளிநாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. தலையில் அடிபட்டுப் பொறி கலங்கியதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, அடுத்த ரெய்டு யாருடையது என்று குழம்பினீர்களா, அன்று இரவு வெளிச்சம் பார்க்கக் கூசியதா என்று கேளுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் மில்வாக்கியில் மட்டும் இருப்பதன்று. துறையின் ஒப்புதலும் வீரரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இல்லாமல் தொடங்கவே கூடாது. பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு வீரர், நேற்று விழுந்ததிலிருந்து தலைவலி கூடிக்கொண்டே போகிறது, வாந்தி வருகிறது, தூக்கம் கண்ணை அழுத்துகிறது என்று சொல்லக்கூடும். அந்த இடத்தில் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு அவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், துணைக்கு ஓர் ஆளோடு. தனியாக பைக் ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள்.