குறும்படம் முடிந்துவிட்டது, பார்க்க ஆள் எங்கே?

புதிதாகப் படம் எடுப்பவர்களின் குறும்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் ஒரு வாரம்தான். எடிட்டிங் முடிந்த இரவே யூடியூபில் ஏற்றிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் பறக்கும். நண்பர்கள் கைதட்டல் பொம்மை அனுப்புவார்கள், சித்தப்பா கட்டைவிரலை உயர்த்துவார். அத்தோடு சரி. படம் சுமாராக இருந்தால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நல்ல படங்களுக்கும் இதே கதி என்பதுதான் எரிச்சல்.

2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குனர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி தொடங்கியபோது நிலைமை வேறு. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்ற திரைப்பட இயக்குநர்கள் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள்தாம். அங்கே படத்தை எடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. பார்க்கிற கூட்டத்தைத் தொலைக்காட்சி கொண்டுவந்து உட்காரவைத்தது. இப்போது அந்த வேலையும் உங்கள் தலையில். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஓர் அறை, பிறகு திரைப்பட விழா, கடைசியில்தான் இணையம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 1: யாருக்கான படம் என்று எழுதுங்கள்

‘எல்லோருக்கும்’ என்பது பதில் ஆகாது. ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் ஓர் இரவு நடக்கும் கதை, பதினான்கு நிமிடம். யாருக்கு இதில் அக்கறை இருக்கும்? தறி ஓட்டுபவர்களின் குடும்பங்கள், தொழிற்சங்கக்காரர்கள், ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள், அந்த ஊரைவிட்டு வேலைக்காக வெளியே போனவர்கள், உழைப்பாளர் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து பெயர்களை எழுதுங்கள். பெயர்கள் வேண்டும், ‘இளைஞர்கள்’ ‘குடும்பங்கள்’ என்ற தலைப்புகள் போதாது. பட்டியல் நிரம்பவில்லை என்றால் உங்களுக்கு அந்த உலகத்தில் இன்னும் ஆள் பழக்கம் இல்லை என்று அர்த்தம். ஊருக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

படி 2: ஒலியும் சப்டைட்டிலும்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்துவிடுவார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசும் காட்சியை ஹெட்போனில் மட்டும் கேட்டுவிட்டு முடிவுசெய்யாதீர்கள். சாதாரண கைபேசியின் ஸ்பீக்கரில் ஒருமுறை, பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். இரண்டிலும் வசனம் புரிந்தால்தான் மிக்ஸிங் முடிந்தது.

சப்டைட்டில் இல்லாத படம் மாநில எல்லையைத் தாண்டாது. இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சாதாரண நோட்பேடிலேயே எஸ்ஆர்டி (.srt) எனப்படும் சப்டைட்டில் கோப்பை எழுதலாம். ஒரு வசனம் இப்படி இருக்கும்:

12
00:03:41,200 --> 00:03:43,900
தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

முதல் வரி வரிசை எண். இரண்டாவது, வசனம் தோன்றும் நேரமும் மறையும் நேரமும். விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, ஏன் சப்டைட்டில் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு ஒரு வெற்று வரி விடுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக (Encoding) யுடிஎஃப்-8 (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். ஒரே நேரத்தில் திரையில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். விழாக்களுக்கு ஆங்கிலக் கோப்பு ஒன்றைத் தனியாக எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, உங்கள் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள்.

படி 3: ஓர் அறையில் முப்பது பேர்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தாம் அதிகம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

இடம் கிடைப்பது அவ்வளவு கடினமல்ல. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், நூலக அரங்கம், தொழிற்சங்க அலுவலக மாடி எதுவானாலும் சரி. சென்னையில் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் இலக்கியக் கூட்டங்களும் திரையிடல்களும் நடப்பது வழக்கம். கோவையில் ‘கோணங்கள்’ போன்ற திரைப்படச் சங்கங்கள் உண்டு. மாவட்டங்களில் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகளைக் கேட்டுப்பாருங்கள். குறும்படம், ஆவணப்படம் என்றால் அவர்களுக்கு ஆர்வம் உண்டு, நாற்காலி போடவும் ஆள் இருக்கும். நம் விசைத்தறிப் படத்தைப் பள்ளிபாளையத்திலேயே முதலில் காட்டுவதுதான் நியாயம். நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல், தொழிலாளர்களின் ஷிப்ட் எப்போது முடியும் என்று விசாரித்து வையுங்கள்.

முந்தைய நாளே போய் அந்த அரங்கின் புரொஜெக்டரில் படத்தை முழுதாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பென்டிரைவில் பிரதி இருக்கட்டும். ஒலிக்கான கேபிளை நீங்களே கொண்டுபோங்கள். ‘இங்கேயே இருக்கிறது’ என்பார்கள், இருக்காது. ஜன்னலுக்குத் திரை உண்டா என்பதையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இரவுக் காட்சி ஒன்றுமே தெரியாது.

படம் ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள், அதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. பக்கவாட்டில் உட்கார்ந்து முகங்களைப் பாருங்கள். எந்த இடத்தில் கைபேசி வெளிச்சம் எரிகிறது, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்கிறார் என்பதை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நன்றாக இருந்தது’ என்றுதான் சொல்வார்கள்; நம் ஊர் மரியாதை அப்படி. ‘கதையை உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதை நீங்கள் எடுத்த கதையாக இல்லை என்றால், மறுபடியும் எடிட்டிங் மேசைக்குப் போக இன்னும் காலம் இருக்கிறது.

வாசலில் ஒரு நோட்டு வைத்து, விருப்பமுள்ளவர்கள் பெயரும் எண்ணும் எழுதட்டும். இந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 4: விழாக்கள்

சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படங்களை ஏற்பதில்லை. சில, தங்கள் அரங்கில்தான் முதல் காட்சி நடக்க வேண்டும் என்று கேட்கும். அதனால்தான் யூடியூப் கடைசியில் என்றேன். விதிமுறைகளைப் படிக்காமல் படத்தைப் பொதுவில் ஏற்றாதீர்கள்.

பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மதுரையில் ‘மறுபக்கம்’ என்ற அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமியின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. 1990-இல் தொடங்கிய மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் ஆகியவற்றுக்கு என்றே இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் ஒரு சர்வதேச விழா உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹவுசனும் பிரான்சின் கிளெர்மான்-ஃபெரானும் குறும்பட உலகின் பெரிய வாசல்கள்; அங்கே போட்டி மிகக் கடுமை, அனுப்பிப் பார்ப்பதில் தவறில்லை.

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே (FilmFreeway) தளத்தில் ஆயிரக்கணக்கான விழாக்கள் வரிசையில் நிற்கும். இங்கேதான் ஜாக்கிரதை தேவை. மாதாமாதம் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு, ‘சிறந்த அறிமுக இயக்குநர்’ முதல் ‘சிறந்த போஸ்டர்’ வரை கைநிறைய விருது கொடுக்கும் ‘விழாக்கள்’ உண்டு. படத்தைத் திரையில் யாரும் பார்க்கமாட்டார்கள். கட்டிய நுழைவுக் கட்டணத்துக்கு, போஸ்டரில் ஒட்டிக்கொள்ளும் விருதுச் சின்னமாக ஓர் இலை வளையப் படம் மின்னஞ்சலில் வரும். பணம் கட்டுமுன் மூன்றைப் பாருங்கள்: எந்த அரங்கில் நடக்கிறது, சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரல் எங்கே, நடுவர்கள் யார். ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் இல்லை என்றால் அந்தப் பணத்தை அடுத்த படத்தின் சாப்பாட்டுச் செலவுக்கு வையுங்கள்.

அனுப்பும்போது, விமியோ (Vimeo) என்ற வீடியோ தளத்தில் ஏற்றிக் கடவுச்சொல் போட்ட லிங்க் போதும். முடிவு வரும்வரை லிங்கையும் கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள்.

படி 5: இணையத்தில் வெளியீடு

விழாச் சுற்று முடிந்ததும் யூடியூபுக்கு வரலாம். சொந்தச் சேனலா, குறும்படங்கள் வெளியிடும் பெரிய சேனலா என்ற கேள்வி வரும். பெரிய சேனலில் கூட்டம் தயாராக இருக்கிறது, உண்மை. ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்: எத்தனை ஆண்டு, வேறு இடத்தில் காட்டலாமா, கதையின் உரிமை யாருக்கு. பாலாஜி மோகன் தன் குறும்படம் ஒன்றையே 2012-இல் தமிழிலும் தெலுங்கிலும் முழுநீளப் படமாக எடுத்தார். அப்படியொரு வாய்ப்பு வரும்போது கதை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தம்ப்நெயிலை, அதாவது வீடியோவின் முகப்புப் படத்தை, கைபேசியில் கட்டைவிரல் நக அளவில் வைத்துப் பாருங்கள். முகம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். தொடக்கத்தில் நன்றி அட்டைகளும் சுழலும் லோகோவும் வேண்டாம், எல்லாம் கடைசிக்குப் போகட்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை வரும், வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு. யூடியூபில் விளம்பர வருவாய்க்கான வழக்கமான தகுதி 1,000 சந்தாதாரர்கள், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை. பதினான்கு நிமிடப் படத்தை 17,000 முறைக்கு மேல் முழுதாகப் பார்த்தால்தான் அந்த நேரம் சேரும். ஆகவே இந்தப் படத்தில் போட்ட காசு விளம்பரத்தில் திரும்பும் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள்.

படி 6: ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்

குழுவில் போட்ட லிங்கை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை. முதல் படியின் பட்டியலையும் வாசலில் வைத்த நோட்டையும் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவருக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி எழுதுங்கள். இப்படி: ‘வணக்கம் அண்ணா. பள்ளிபாளையம் திரையிடலில் நீங்கள் இரவு ஷிப்ட் கூலி பற்றிப் பேசினீர்கள். அதைக் கேட்ட பிறகு கடைசிக் காட்சியை மாற்றியிருக்கிறோம். படம் இன்று வெளியாகிறது, 14 நிமிடம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.’ லிங்க் அதற்குக் கீழே. ‘ஷேர் செய்யுங்கள், சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்பதெல்லாம் அந்தச் செய்தியில் வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்; அடுத்த படத்தின் திரையிடலுக்கும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.