நைட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் உமி வேண்டாம்

டெல்டாவில் உமிக்கும் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. பாட்டில் உடையாமலிருக்கச் சுற்றி அடைக்கவும், சிந்தினால் உறிஞ்சவும் கை அதைத்தான் தேடும். அடர் நைட்ரிக் அமிலத்துக்கு இது ஆகவே ஆகாது. உமி, மரத்தூள், பழந்துணி எதில் பட்டாலும் சூடேறிப் பழுப்புப் புகை கிளம்பும், தீயும் பிடிக்கலாம். புகையைச் சுவாசித்தவருக்கு மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்தும் வரும். "ஒன்றுமில்லை சார்" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

அமிலத்தை வைக்கப் பழுப்புக் கண்ணாடி பாட்டில், அடியில் பிளாஸ்டிக் தட்டு, கண் மட்டத்துக்குக் கீழே. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறும் கட்டடமென்றால் தரையில் வைக்காதீர்கள். ஆல்கஹால், அசிட்டோன், அசிட்டிக் அமிலம் வேறு அலமாரிக்குப் போகட்டும்.

கொஞ்சமாகச் சிந்தினால் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காய்ந்த ஆற்றுமணலைக் கொட்டி, சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகப் போட்டால் பொங்கித் தெறிக்கும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம்.