பயிற்றுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வா? பத்து நிமிடப் பாடம் ஒன்று கைவசம் இருக்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நிறுவனப் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது. "எங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்கள்" என்று தேர்வுக் குழு கேட்டால் திணறக் கூடாது. தீயணைப்பானைக் கையாளும் பாடமே போதும்: பாதுகாப்பு ஊசியை (பின்) உருவி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். ஒருமுறை செய்துகாட்டுங்கள். அப்புறம் குழுவில் ஒருவரையே செய்யச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஜூலு பேசும் தொழிலாளர்கள் நிறைந்த ஆலையில் ஆங்கிலத்தில் பாடம் நடத்திவிட்டு அந்தத் தலையாட்டலை நம்புவது ஆபத்து. செய்ய வைத்துப் பார்ப்பவர்தான் நல்ல பயிற்றுநர், அதைக் குழு கண்ணால் பார்க்கட்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1998-இன் திறன் மேம்பாட்டுச் சட்டம், சம்பளத் தொகையில் நிறுவனம் கட்டும் 1 சதவீதத் திறன் வரி, வழக்கமாக ஏப்ரல் 30-க்குள் நிறுவனம் கொடுக்க வேண்டிய ஆண்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவற்றைப் படித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் எந்த 'செட்டா'வின் (துறைவாரிப் பயிற்சி ஆணையத்தின்) கீழ் வருகிறது என்பதையும் முந்தின நாளே பார்த்து வையுங்கள். பயிற்சி பெற்றவர்களின் திறனை மதிப்பிடும் மதிப்பீட்டாளராக உங்களுக்குப் பதிவு இருந்தால் சான்றிதழின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.