தகவல் தொடர்பியல் படிக்கிறீர்களா? எந்தப் பிரிவை எடுப்பது?

பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த வேலையில் இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பாருங்கள். யார், என்ன, எந்த வழியில், யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948-இல் ஹரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கேட்டது இதற்கு நன்றாகவே உதவும். ‘என்ன’ என்ற கேள்வி உங்களை இழுத்தால் இதழியல். ‘எந்த வழியில்’ என்றால் ஒளிப்பதிவு, எடிட்டிங், பாட்காஸ்ட். ‘யாரிடம், என்ன விளைவு’ என்றால் விளம்பரம், மக்கள் தொடர்பு, சுகாதாரத் தகவல் தொடர்பு. இந்தக் கடைசிப் பிரிவைப் பலர் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் நோயாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதபடி எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் சம்பளம் வாங்கும் வேலைதான்.

சரி, இன்னும் குழப்பமா? ஒரே தகவலை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்: முக்கியமானதை முதல் வரியிலேயே போட்ட செய்தியாக, நிறுவனம் வெளியிடும் பத்திரிகைக் குறிப்பாக, 30 விநாடி வீடியோவுக்கான ஸ்கிரிப்டாக. எதைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் சலிக்கவில்லையோ, அந்தப் பக்கம் போங்கள்.

அப்புறம், வேலை கொடுப்பவர்கள் முதலில் கேட்பது நீங்கள் செய்து முடித்ததைத்தான், அதனால் முதல் வருடத்திலிருந்தே நல்லதாக ஐந்தாறை மட்டும் போர்ட்ஃபோலியோவில் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.