வெறும் பாறைதானே என்று ஏறாதீர்கள்: பெங்களூரு ட்ரெக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, ராமநகரா என்று பெங்களூருவைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் கருங்கல் மலைகள். விடியற்காலையில் ஏறிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதனால் கூட்டம் அதிகம். கூட்டத்தைவிட அதிகச் சேதம் செய்வது, "வெறும் பாறைதானே, என்ன ஆகிவிடும்?" என்ற நினைப்பு.

மழைக்காலத்தில் அந்தப் பாறையைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களில் விரலளவு மண் தங்கி, அதில் பாசி, புல், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குட்டிச் செடிகள்கூட வளர்ந்திருக்கும். வழுக்குகிறதே என்று அந்த மண்ணில் கால் வைத்தால் திட்டோடு பெயர்ந்துவிடும். மறுபடி அங்கே மண் சேரப் பல வருடம் ஆகும். ஏற்கெனவே கால் பட்டுத் தேய்ந்த தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

சுனைகளிலும் இதே கதைதான். மேலே தேங்கி நிற்கும் மழைநீரில் தவளைக் குஞ்சுகள் வளரும். நீர் வெளியேற வழி இருக்காது. அதில் சோப்புப் போட்டுக் கைகழுவினால் சோப்பு அங்கேயே தங்கிவிடும். குப்பியில் நீர் எடுத்துக்கொண்டு 60 மீட்டராவது, அதாவது ஏறக்குறைய 80 எட்டு, தள்ளிப் போய்க் கழுவுங்கள்.

அப்புறம், பேசக் கூச்சப்படும் விஷயம். மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள் என்பது பொதுவான அறிவுரை. பாறை உச்சியில் எங்கே தோண்டுவது? அடிவாரத்திலேயே முடித்துவிட்டு ஏறுவதுதான் நல்லது. அவசரம் என்றால் மண் உள்ள புதர்ப் பகுதிக்கு இறங்கி வந்துவிடுங்கள். வெட் வைப்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, மட்காது. அதையும் நாப்கினையும் ஒரு ஜிப் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஆரஞ்சுத் தோல் மட்கிவிடும் என்று வீசுவது நல்லவர்களே செய்யும் தவறு. காய்ந்த பாறையில் அது மாதக்கணக்கில் கிடக்கும். மிஞ்சிய புளியோதரையைக் குரங்குக்கு வைப்பதும் அன்பு இல்லை. அடுத்து வருபவரின் பையைப் பிடுங்க அதுதான் பழக்குகிறது. பாக்குமட்டைத் தட்டாக இருந்தாலும் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். கேம்ப்ஃபயர் வேண்டவே வேண்டாம், சிகரெட்டும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. பரவாமல் அணைந்த தீயும் பாறையைச் செதில் செதிலாக உரித்து, கரியை அப்பிவிட்டுத்தான் போகும்.

ராமநகராவில் ஸ்பீக்கர், டிரோன் எதுவும் வேண்டாம். அங்கே ராமதேவர பெட்டா என்ற மலையில் 2012-ல் அறிவிக்கப்பட்ட பாறு கழுகுச் சரணாலயம் இருக்கிறது. அங்குள்ள நீண்ட அலகுப் பாறுகள் செங்குத்துப் பாறையில் கூடு கட்டி, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூட்டை விட்டுத் தாய் விலகினால் அந்த வருடமே போய்விடும்.

கடைசியாக, இரவு டென்ட் போட அழைத்துப்போகும் ஆட்களிடம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: வனத்துறை அனுமதி எங்கே? கழிப்பறை எங்கே? குப்பையைக் கீழே தூக்கி வருவது யார்? "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.