காகத்துக்கு ஒரு பிடி போதும்: விமான நிலையத்தின் அருகே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு விமான நிலையத்தைச் சுற்றி, பாயான் லெப்பாஸ், சுங்கை ஆரா, தெலுக் கும்பார் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் காதுக்குப் பழகிப்போனது. ஆனால் அந்த விமானங்கள் போகும் வழியில் பறவைகள் கூடுவதில் நமக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பறவை மோதல்களில் பெரும்பாலானவை 3,000 அடிக்குக் கீழே, விமானம் ஏறும்போதோ இறங்கும்போதோதான் நடக்கின்றன. நம் கூரைகளுக்கு மேலே பறக்கும் உயரம் அது.

முதல் தவறு, "இத்தனூண்டு பறவை அவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?" என்று நினைப்பது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு செம்பருந்து, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்தில் மோதினால், நான்கு மாடி உயரத்திலிருந்து 10 கிலோ அரிசி மூட்டை விழுந்த அடி விழும். அதைவிடச் சின்னப் பறவைகள் கூட்டமாக வந்தாலும் ஆபத்துதான். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் கிளம்பிய விமானம் ஒன்று ஸ்டார்லிங் கூட்டத்தில் புகுந்து விழுந்ததில் 62 பேர் இறந்தார்கள். ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பத்துப் பறவை. மாலையில் சாலையோர மரங்களில் காது கிழியக் கத்துகின்றனவே, அந்த மைனாதான்.

அடுத்தது தீனி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அமாவாசைக்கும் திதிக்கும் காகத்துக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். அதை யாரும் விட வேண்டியதில்லை. வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வைத்து, காகம் எடுத்ததும் மிச்சத்தை மூடியுள்ள தொட்டியில் போட்டுவிட்டால் போதும். நேற்றைய சோற்றைத் தினமும் மதில்மேலும் கால்வாய் ஓரத்திலும் கொட்டுவதுதான் தவறு. புறாவுக்குப் பை பையாக அரிசியும் பழைய ரொட்டியும் போடுவதைப் புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். மனசு நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் புறா வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். தீனி கூடினால் கூட்டமும் கூடும். அந்தக் கூட்டம் காலையும் மாலையும் தங்குமிடத்துக்கும் தீனிக்கும் நடுவே பறக்கும்போது ஓடுபாதை குறுக்கே வந்தால், அதற்கு என்ன தெரியும்? மலேசியாவில் வீட்டுக் காகமே மனிதர் கொண்டுவந்து விட்டதுதான். 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள்.

மீன் கழிவும் அப்படித்தான். பத்து மாவுங்கில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, பெர்மாத்தாங் டாமார் லாவுட்டில் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. மீன் குடலையும் செதிலையும் திறந்தவெளியில் போட்டால் பருந்தும் கொக்கும் தேடி வரும். குப்பைமேடு போன்றவற்றை விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் வைக்காதீர்கள் என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஜெலுத்தோங் குப்பைமேடு அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. இதை ஊராட்சிக் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும்.

விமான நிலையங்களுக்கு உள்ளே நடக்கக்கூடிய தவறுகளும் உண்டு. பட்டப்பகலில் புல் வெட்டினால், இயந்திரம் நகர நகர வெட்டுக்கிளியும் பூச்சியும் எகிறும். வெள்ளைக் கொக்குகள் பின்னாலேயே வரிசைகட்டி நடந்து கொத்தித் தின்னும். விமான நடமாட்டம் இல்லாத இரவில் வெட்டுவது நல்லது. தினமும் ஒரே வெடிச்சத்தத்தை வைத்து விரட்டுவதும் வீண். கொஞ்ச நாளில் பறவைக்கு அது பழகிவிடும்.

இதைவிட மோசமானது, விமானத்தில் பறவை மோதிய தடத்தைத் துடைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது. ஒட்டியிருக்கும் ஓர் இறகையோ ரத்தக் கறையையோ வைத்தே மரபணுச் சோதனையில் என்ன பறவை என்று சொல்லிவிடலாம். பருந்து என்று தெரிந்தால் புல்லுக்குள் எலி இருக்கிறதா என்று பார்க்கலாம், கொக்கு என்றால் தேங்கிய நீரை வடிக்கலாம். பறவை எது என்றே தெரியாமல் எதை மாற்றுவது?

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. கிளம்பியதும் 'டமால்' என்று சத்தம் கேட்டு, கருகிய வாடை வந்து, விமானி திரும்பி இறங்கினால், தாமதமாகிவிட்டது என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். இரண்டு இன்ஜின் விமானத்தை ஒரே இன்ஜினில் பத்திரமாக இறக்க அவர்களுக்குப் பயிற்சி உண்டு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக்கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் சக்தி இழந்தபோதும், ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார்கள். நீங்கள் ஜன்னலோரம் இருந்து எதையாவது பார்த்திருந்தால், எந்தப் பக்க இன்ஜின், தீயா புகையா என்று உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். விமானி அறையிலிருந்து இறக்கைக்குக் கீழே இருக்கும் இன்ஜின் அநேகமாகத் தெரியாது.