மூச்சு வாங்கினாலும் நடக்கிறேன்

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் குறுகி மூச்சுவிடச் சிரமமாக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று தெரிந்ததும் நான் செய்த முதல் தப்பு, உட்கார்ந்துவிட்டது. நடந்தால் மூச்சு வாங்குகிறதே என்று நடக்கவில்லை. நடக்காததால் தொடைத் தசை இளைத்து, குளியலறை வரை போகவே இரைத்தது. நுரையீரலைவிடக் கால்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது நான் நம்பவில்லை.

கைபேசியில் காலடிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 1,100. வெட்கமாக இருந்தது. வேகத்தை விட்டுவிட்டு, மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட ஆரம்பித்தேன். 3, 4 என்றால் நடை தொடரும். 5 தாண்டினால் நின்று, சுவரில் சாய்ந்து, மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுவேன். மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேற அது உதவுகிறது. மாடிப்படியில், மூச்சை வெளியே விடும்போதுதான் காலைத் தூக்குவேன். இது பழகவே ஒரு மாதம் ஆனது!

உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில் ஆசைப்பட்டு நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்த கதையும் உண்டு. இப்போது பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. சளியின் நிறம் மாறினால் நடை கிடையாது, நேரே மருத்துவரிடம்தான்.

போன வாரச் சராசரி 3,900. மேட்டுப் பாதையை மட்டும் இன்னும் தொடவில்லை.